கடலடிப் பயிரும் துறைமுகப் பள்ளமும்

கடல் வாணிகம் தமிழருக்குப் புதியதன்று. கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் ஒரு காலத்தில் உலகறிந்த துறைகளாய் விளங்கின. இந்நாட்டுத் தமிழரின் முன்னோரில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கியவர்களே. ஆதலின் துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று நம் கேள்வி. கோதுமையும் இயந்திரமும் கப்பலில் வருகின்றன. ரப்பரும் செம்பனை எண்ணெயும் கப்பலில் போகின்றன. கப்பல் பெரிதாகப் பெரிதாக ஆழமான வழி வேண்டும். இயற்கை அளித்த ஆழம் போதாதபோது மனிதன் கடலைத் தோண்டுகிறான்.

தோண்டும் இடத்தில் என்ன இருக்கிறது, தோண்டிய மண் எங்கே போகிறது, அழிந்ததைத் திரும்ப உண்டாக்க முடியுமா என்பவையே நாம் கேட்கத்தக்க கேள்விகள். இம்மூன்றுக்கும் இன்றைய அறிவியல் ஓரளவு தெளிவான விடை தந்திருக்கிறது. அவ்விடைகளை முறையே காண்போம்.

கடலடி வெறும் மண்ணன்று

கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் என்பது நீர்ப்பரப்பு. மீனவனுக்கோ கடல் என்பது நீருக்கு அடியிலுள்ள நிலமும் ஆகும். தூத்துக்குடிப் பக்கத்து மீனவரும் சங்கு குளிப்பவரும் கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது அந்தப் பாரில்தான். எந்தப் பாரில் எந்த மீன் தங்கும் என்பதைத் தந்தை மகனுக்குக் கற்பித்து வந்தார்.

ஆழம் குறைந்த வெப்பக் கடல்களில் கடலடி நிலத்தை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, சேறும் மணலுமான தரை. வெறுமையாய்த் தோன்றினும் அதன் மேற்பரப்பில் புழுக்கள், சிப்பிகள், நண்டுகள், கடலட்டைகள் ஏராளமாய் வாழ்கின்றன. நம் பேராக் கரையில் கோலசெப்பத்தாங் பக்கம் சேற்றில் விளையும் ‘கெராங்’ என்னும் சிப்பி இவ்வகை நிலத்தின் செல்வம்.

இரண்டாவது, கடற்புல் வெளி. கடற்புல் பாசியன்று; வேரும் தண்டும் இலையும் பூவும் உடைய உண்மையான செடி. நீருக்கடியிலேயே பூத்து, நீருக்கடியிலேயே விதை விடும். அதன் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் இலை நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படிய வைக்கிறது. இறாலும் மீன்குஞ்சும் அங்கே ஒளிந்து வளர்கின்றன. ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் அழைக்கப்படும் பெருவிலங்கு அப்புல்லை மேய்ந்தே உயிர் வாழ்கிறது.

மூன்றாவது, பவளப் பாறை. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய மாளிகை அது. பவள உயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு ஆக்கித் தன் வீட்டுக்காரனுக்கும் தருகிறது. ஆகவே பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு: அது வெளிச்சம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

தோண்டும் கப்பல்

கடலைத் தோண்டும் கப்பல் எப்படி இருக்கும் என்று பேராக் மாநிலத்தார்க்கு நெடிதாய் விளக்க வேண்டியதில்லை. பத்து காஜாவுக்கு அருகில் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலைப் பார்த்தவர் பலர். 1938-இல் கட்டப்பட்டு, 1982-இல் வேலை நிறுத்தி, இன்று காட்சிப் பொருளாய் நிற்கும் அந்த மிதவையை மலாய் மொழியில் ‘கப்பல் கோரெக்’ என்பர். சங்கிலியில் கோத்த வாளிகள் சுழன்று சுழன்று மண்ணை அள்ளும். உள்ளே நீரால் அலசி ஈய மணலைப் பிரிப்பர். மீந்த மண்ணும் சேறும் பின்புறம் வழிந்து போகும்.

கடலில் வேலை செய்வன இதன் உறவினங்களே. வாளிச் சங்கிலிக் கப்பல் இன்று அரிதாகிவிட்டது. அதற்குப் பதில் இரண்டு வகை பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, சுழலும் பற்களால் கடினமான தரையை வெட்டி, வெட்டிய மண்ணையும் நீரையும் குழாய் வழியே உறிஞ்சும் வெட்டுக் கப்பல். மற்றொன்று, பெரிய உறிஞ்சு குழாயைக் கடலடியில் இழுத்துக்கொண்டே ஓடி, தன் வயிற்றிலுள்ள தொட்டியில் மண்ணை நிரப்பிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டும் தொட்டிக் கப்பல். தொட்டி நிறையும்போது கனமான மணல் அடியில் தங்க, மெல்லிய சேறு கலந்த நீர் மேலே வழிந்து கடலில் விழுகிறது. இந்த வழிநீரே பல இடங்களில் கலங்கலின் தலையூற்று.

கிந்தாப் பள்ளத்தாக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று இங்கே பொருத்தமானது. ஈயக் கப்பல் ஈயத்தை மட்டுமே எடுத்தது. மற்ற மண்ணையெல்லாம் அங்கேயே விட்டது. எனினும் அந்நிலம் பழைய நிலமாகவில்லை. மணல் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம், நீர் தேங்கிய குட்டை ஒரு பக்கம் எனப் பிரிந்து போயிற்று. மணல் குவிந்த இடத்தில் புல் முளைக்கவும் நெடுங்காலம் பிடித்தது. மண்ணின் அளவு குறையவில்லை. மண்ணின் அடுக்கு குலைந்தது. உயிர்கள் வாழ்வது மண்ணின் அளவைக் கொண்டு அன்று, அடுக்கைக் கொண்டே. கடலடியிலும் இதுவே விதி.

கலங்கலின் கணக்கு

தோண்டிய பள்ளத்திலிருந்த உயிர்கள் அழிவது கண்கூடு. அந்த இழப்புக்கு எல்லை உண்டு. பள்ளத்தின் நீள அகலங்களே அதன் எல்லை. பள்ளத்துக்கு அப்பால் நிகழும் இழப்பே பெரிது. அதைச் செய்வது கலங்கல்.

என் மாணவர்க்கு நான் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, ஒரு பிடி தோட்டத்து மண்ணைப் போட்டுக் கலக்கி வைத்தால், பருமணல் உடனே அடியில் விழுந்துவிடும். பொடிமணல் சிறிது நேரத்தில் விழும். மறுநாள் பள்ளிக்கு வந்து பார்த்தாலும் நீர் மஞ்சளாகவே இருக்கும். களிமண் இன்னும் இறங்கவில்லை.

இதற்கு இயற்பியலில் ஒரு கணக்கு உண்டு. மிகச் சிறிய துகள்களைப் பொறுத்தவரை, துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால், அது விழும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல் துகள் 10 மீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 20 நிமிடம் போதும். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகளுக்கு அதே தொலைவைக் கடக்க ஒன்றரை நாள் அளவு ஆகும். களிமண் துகள் அதனினும் நுண்ணியது. உப்பு நீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுவதால் சற்று விரைவாய் இறங்கும் என்பது உண்மை. எனினும் அதற்குள் நீரோட்டம் அதைப் பல கிலோமீட்டர் தொலைவு கொண்டு போய்விடும்.

இக்கலங்கல் மூன்று வகையில் கேடு செய்கிறது. வெளிச்சத்தை மறைக்கிறது, கடற்புல்லும் பவளத்துப் பாசியும் பட்டினி கிடக்கின்றன. மேலே படிந்து மூடுகிறது. பவள உயிர் கோழையைச் சுரந்து வண்டலை உதறித் தள்ளப் பார்க்கிறது, அதற்கே தன் வலிமையைச் செலவிட்டு நோய்க்கு இரையாகிறது. இறுதியாக, இளங்குஞ்சுகள் வந்து ஒட்டுவதற்குத் துப்புரவான பாறை இல்லாமற் செய்கிறது. தாய்ப் பவளம் பிழைத்தாலும் அடுத்த தலைமுறை உண்டாவதில்லை.

ஒருநாள் கலங்கலைப் பவளமும் புல்லும் தாங்கும். புயலும் மழை வெள்ளமும் இயற்கையில் வருவனவே. மாதக்கணக்கில் நீங்காத கலங்கலையே அவற்றால் தாங்க இயலாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாரோ தீவின் அருகே எரிவாயுத் திட்டத்துக்காக 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டுக் காலம் 76 இலட்சம் கன மீட்டர் மண் தோண்டப்பட்டது. அங்கே அறிஞர்கள் ஆராய்ந்தபோது, கலங்கல் நீண்ட நாள் சூழ்ந்திருந்த பவளப் பாறைகளில் நோய் இரு மடங்காய் இருந்தது. 2014-இல் வெளியான இவ்வாராய்ச்சி, கலங்கலின் அடர்த்தியைப் போலவே அது நீடிக்கும் நாள் கணக்கும் முக்கியம் என்பதை உறுதிப்படுத்தியது.

மன்னார் வளைகுடா

தமிழருக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு மன்னார் வளைகுடாவே. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையோரமாக 21 சிறு தீவுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறையும் கடற்புல்லும் உள்ளன. 117 வகைப் பவளங்கள் அங்கே கணக்கிடப்பட்டுள்ளன. 1986-இல் இது கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அத்தீவு வரிசையின் தென்முனையில், வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கழகம் கண்ட அதே தூத்துக்குடியில், 1974 முதல் பெருந்துறைமுகம் இயங்கி வருகிறது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஒன்றும், மிகச் சிறந்த கடலடித் தோட்டங்களில் ஒன்றும் அடுத்தடுத்து அமைந்தது இவ்விடத்தின் சிறப்பும் சிக்கலும் ஆகும்.

பவளப் பாறை போனால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள தீவுகளே காட்டின. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் பவளக் கற்களைப் பெயர்த்து எடுத்தனர். அலையைத் தடுத்து நின்ற பாறை மறைந்ததும் தீவுகள் கரைந்தன. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1960-களில் இருந்த பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாய்ச் சுருங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே பவளம் எடுக்கும் தொழில் நின்றது. இக்கேட்டைச் செய்தது துறைமுகத் தோண்டல் அன்று. ஆனால் பவளம் கரைக்குக் காவல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தோண்டலைப் பற்றிய பெரும் வாதம் சேதுக் கால்வாயால் எழுந்தது. இலங்கையைச் சுற்றிச் செல்லாமல் பாக் நீரிணை வழியே கப்பல் செல்ல வேண்டும் என்ற கருத்தை 1860-இலேயே டெய்லர் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி முன்வைத்தார். 2005 சூலை 2-ஆம் நாள் மதுரையில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 167 கிலோமீட்டர் வழியில், 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் உண்டாக்க, 8 கோடியே 25 இலட்சம் கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும் என்பது திட்டம். இதன் அளவை மனத்தில் கொள்ள ஒரு கணக்குப் போடலாம். அவ்வளவு மண்ணையும் ஒரு பந்தாட்டத் திடலின் மேல் நேராய் அடுக்கினால் பதினொன்றரைக் கிலோமீட்டர் உயரும். இமயத்தின் உச்சியே ஒன்பது கிலோமீட்டருக்குக் குறைவுதான்.

ஆதம் பாலம் என்றும் இராமர் சேது என்றும் வழங்கும் மணல் திட்டை வெட்டக்கூடாது என்ற வழக்கில் 2007-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் எஞ்சிய இடத்துப் பணியும் நின்றது. பச்சௌரி தலைமையில் அமைந்த குழு, பொருளாதார நோக்கிலும் சுற்றுச்சூழல் நோக்கிலும் மாற்று வழி தகாது என 2013-இல் கூறியது. பழைய தடத்தில் பணியைத் தொடரப் போவதில்லை என நடுவணரசு 2018-இல் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. தமிழ்நாடு சட்டமன்றமோ 2023 சனவரியில் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும் எனத் தீர்மானித்தது. ஆக, வாதம் முடிந்துவிடவில்லை.

சமயம், அரசியல், வாணிகம் ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடுகளை இங்கே ஆராயப் புகவில்லை. கடலடி நிலத்தைப் பற்றிய இரண்டு கேள்விகளே இக்கட்டுரைக்கு உரியவை. பாக் நீரிணை இயல்பாகவே வண்டல் படியும் ஆழமற்ற கடல். முன்பு கடற்கரைத் துறையாயிருந்த கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே சிற்றூராய் நிற்பது, அப்பக்கத்துக் கடலும் ஆறும் மண்ணை எவ்வளவு கொண்டு சேர்க்கும் என்பதற்குச் சான்று. அத்தகைய இடத்தில் ஒருமுறை தோண்டுவதோடு வேலை முடியாது; தூர்ந்ததை மீண்டும் மீண்டும் வார வேண்டும். கலங்கலும் மீண்டும் மீண்டும் வரும். இரண்டாவதாக, எடுத்த மண்ணைக் கொட்டுமிடம் தோண்டுமிடத்தைப் போலவே ஆராயப்பட வேண்டியது. தோண்டிய வழியில் புல் இல்லை என்பது மட்டும் போதாது. கொட்டிய மண் ஓட்டத்தில் எங்கே போகும் என்பதும் தெரிய வேண்டும்.

காக்கும் வழிகள்

கடலடி நிலத்தைக் காப்பதற்கு இன்று உலகில் கையாளும் முறைகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, வழியை மாற்றுதல். தோண்டுமுன் கடலடியை ஒலி அலையாலும் குளிப்பவரைக் கொண்டும் அளந்து, புல்லும் பவளமும் உள்ள இடத்தை வரைபடத்தில் குறித்து, கப்பல் வழியை விலக்கி அமைப்பது. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பயனோ மிகப் பெரிது. பின்வரும் நான்கும் இதைச் செய்த பிறகே.

இரண்டாவது, காலம் அறிதல். மன்னார் வளைகுடாவில் கிளைப் பவளங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முழுநிலவை ஒட்டி முட்டையிடுகின்றன. அந்நாள்களில் கப்பலை நிறுத்தி வைத்தால் ஓராண்டுத் தலைமுறை பிழைக்கும். ஓட்டம் புல்வெளியை நோக்கிப் பாயும் நேரத்தில் வேலையைக் குறைப்பதும் இதைச் சார்ந்ததே.

மூன்றாவது, கப்பலுக்குள்ளேயே கலங்கலைக் குறைத்தல். வழிநீரைக் கடல் மேற்பரப்பில் கொட்டாமல் கப்பலின் அடிப்புறமாய் இறக்குவது, அதனுள் காற்றுக் குமிழி கலவாமல் தடுப்பது, தேவையான இடத்தில் வழியவே விடாமல் தொட்டியை அரைகுறையாய் நிரப்பிக்கொண்டு போவது ஆகியன இதில் அடங்கும்.

நான்காவது, வண்டல் திரை. மிதவையில் தொங்கவிட்ட தடித்த துணித் திரையால் கலங்கலைச் சூழ்ந்து அடைப்பது. அமைதியான நீரில் இது நன்கு பயன்படும். ஓட்டம் மிகுந்த இடத்திலோ திரை மடிந்து மேலெழும். சேறு அடியில் நழுவிப் போகும். ஆகவே ‘திரை கட்டியாயிற்று’ என்று சொல்வதை மட்டும் கேட்டு நிறைவடைதல் கூடாது.

ஐந்தாவது, அளந்து நிறுத்துதல். இதுவே ஏனைய நான்குக்கும் உயிர். புல்வெளிக்கும் பவளத்துக்கும் அருகே கருவிகளை வைத்துக் கலங்கலையும் வெளிச்சத்தையும் நாள்தோறும் அளக்க வேண்டும். குறித்த அளவைத் தாண்டினால் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதையும் தாண்டினால் நிற்க வேண்டும். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையே 2000-இல் திறக்கப்பட்ட ஓரசுந்து பாலத்தைக் கட்டியபோது, தோண்டும் மண்ணில் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நீரில் சிந்தக்கூடாது என ஒப்பந்தத்திலேயே எழுதினர். கடற்புல்லையும் சிப்பித் திட்டுகளையும் இடைவிடாது கவனித்து, அதற்கேற்ப வேலையை மாற்றினர்.

அளவு எது என்பதை இடத்துக்கு இடம் முடிவு செய்ய வேண்டும். நம் பேராக் கரையில் நீர் இயல்பாகவே கலங்கியது. அங்கு வாழும் உயிர்கள் அதற்குப் பழகியவை. மன்னார் வளைகுடாவின் தீவுப் பக்கம் தெளிந்தது. இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது.

அளப்பவர் யார் என்பதும் கேள்வி. தோண்டும் ஒப்பந்தக்காரரே அளந்து தாமே தீர்ப்புக் கூறுவது, மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வது போன்றது. அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தை 2013 முதல் 2015 வரை தோண்டினர். வழியிலிருந்த பவளங்களில் ஒரு பகுதியை முன்கூட்டியே பெயர்த்து வேறிடம் வைத்தனர், கண்காணிப்பும் இருந்தது. ஆயினும் அந்தக் கண்காணிப்பில் கிடைத்த விவரங்களையும் விண்ணிலிருந்து எடுத்த படங்களையும் பின்னர் அறிஞர்கள் தனியே ஆராய்ந்தபோது, தோண்டிய வழியிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட பவளங்கள் மடிந்தன என 2019-இல் கணக்கிட்டனர். அதே காலத்தில் பவள நோயும் வெப்பமும் அப்பகுதியைத் தாக்கின என்பது உண்மை. அவற்றின் பங்கைப் பிரித்துப் பார்த்த பின்னரே இக்கணக்கு வந்தது. கருவி இருந்தது, அறிக்கை இருந்தது, கப்பல் மட்டும் உரிய நேரத்தில் நிற்கவில்லை.

மீட்கும் வழிகள்

இனி, அழிந்ததை மீட்பது. இதில் நம்பிக்கைக்கு இடமுண்டு, பெருமிதத்துக்கு இடமில்லை.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்து மன்னார் வளைகுடாவில் பவளக் கிளைகளை நட்டு வருகிறது. ஒடிந்த சிறு கிளைகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, அவற்றைச் சட்டங்களில் அமைத்துக் கடலடியில் வைப்பது அதன் முறை. கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே மிகுதி. ஆள் உயரப் பவள உருண்டை ஒன்று நூறு, இருநூறு ஆண்டுகளின் வேலை என்பதை இதிலிருந்து அறியலாம். வான் தீவைக் காக்க 2015 முதல் அதன் முன்புறக் கடலில் துளைகளுள்ள சிமெண்டுப் பாறைகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு, மீனுக்கும் இளம் பவளத்துக்கும் இடம் கொடுக்கின்றன.

ஆனால் நட்டவர் கையில் இல்லாத பகை ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறியபோது மன்னார் வளைகுடாவில் உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. வெப்பத்தால் மெலிந்த பவளத்தின்மேல் கலங்கலையும் சுமத்தினால் அது எழுவது அரிது.

கடற்புல்லை மீட்பது பவளத்தை மீட்பதைவிடச் சற்று எளிது. பாக் நீரிணையில் தஞ்சை மாவட்டத்து மனோராக் கரையில் ஓம்கார் என்னும் தொண்டு நிறுவனத்தார் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, அதில் கடற்புல் நாற்றுகளை முடிந்து கடலடியில் பதிக்கின்றனர். புல் வேரூன்றும்போது கயிறும் மூங்கிலும் மக்கி மறைந்துவிடும். நெகிழிக் குப்பை கடலில் தங்காது. கைத்திறனும் உள்ளூர் மீனவருடையதே. அப்பகுதிக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. புல் இருந்தால் ஆவுளியா இருக்கும் என்பதே அதன் அடிப்படை.

உலகிலேயே பெரிய வெற்றி அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையில் கிட்டியது. அங்கே 1930-களில் நோயும் 1933-இன் புயலும் கடற்புல்லை முற்றும் அழித்தன. எழுபது ஆண்டுகள் அங்கே புல் இல்லை. பின்னர் அறிஞரும் தொண்டரும் இருபது ஆண்டுகளாக 7 கோடிக்கு மேற்பட்ட விதைகளைத் தூவினர். இன்று 3,600 எக்டர் அளவில் புல் வளர்ந்து நிற்கிறது. இவ்வெற்றியின் மறைபொருள் யாதெனில், அங்கே நீர் தெளிவாக இருந்தது. இல்லாதது விதை மட்டுமே. நீர் கலங்கிக் கிடக்கும் இடத்தில் எத்தனை கோடி விதை தூவினும் பயனில்லை. அழிவுக்குக் காரணமானதை நிறுத்தாமல் மீட்பு இல்லை.

சேற்றுத் தரையும் மணல் தரையும் ஓரளவு தாமே மீளும். சில மாதங்களில் புழுக்கள் வந்து குடியேறும். பழைய உயிர்க்கூட்டம் திரும்பச் சில ஆண்டுகள் ஆகும். இதற்கும் மனிதன் உதவலாம். நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுக விரிவுக்காகக் கடலில் ஆழமாய் மணல் எடுத்தபோது, பள்ளத்தின் அடியைத் தட்டையாய் விடாமல், இயற்கை மணல்மேடு போன்ற மேடுகளைச் சில இடங்களில் விட்டு வைத்தனர். மேடும் பள்ளமும் இருந்தால் பலவகை உயிர்கள் தங்கும் என்பது கருத்து. அன்றியும், துறைமுகம் விழுங்கிய கடலடிக்கு ஈடாக ஏறத்தாழ 25,000 எக்டர் கடலடியைக் காப்பிடமாக ஒதுக்கினர். சிங்கப்பூரில் துவாஸ் துறைமுகத்துக்காக, சுல்தான் திட்டிலிருந்த பவளங்களை 2013, 2014 ஆண்டுகளில் பெயர்த்து வேறு தீவுகளின் அருகே நட்டனர்.

இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. எனினும் நாற்று நடுவதைக் காட்டி வயலை அழிக்க உரிமை கேட்பது முறையாகாது. பெயர்த்து நட்ட பவளத்தை எண்ணிக் காட்டலாம். பெயர்க்க முடியாது மடிந்த புழுவையும் சிப்பியையும் மீன்குஞ்சையும் யார் எண்ணிக் காட்டுவார்?

நம் நாட்டு நிலை

தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய கடற்புல் வெளி எனப்படுவது ஜொகூரில், சுங்கை பூலாய் ஆற்று முகத்திலுள்ள மெராம்போங் திட்டு. அதன் ஒரு பக்கம் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம். கடற்குதிரைக்கும் ஆவுளியாவுக்கும் பேர்பெற்ற அத்திட்டின் மேலும் அருகிலும் 2014-இல் ஒரு பெரிய நகர்த் திட்டத்துக்காக மண் கொட்டிக் கடலைத் தூர்த்தனர். விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு முடியுமுன்னரே பணி தொடங்கியதால் இடையில் நிறுத்தப்பட்டது. பின்னர் மதிப்பீடு செய்து, பரப்பைக் குறைத்து, திட்டம் தொடர்ந்தது. முதலில் அளந்து, பிறகு தொடங்க வேண்டியது வேலை. அங்கே தொடங்கிய பிறகே அளந்தனர்.

பேராக் கரையிலும் லூமுட் துறைமுகம் உண்டு. தெலுக் ரூபியாவில் 2014 முதல் மாபெரும் இரும்புத் தாதுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அதற்கு எதிரே பங்கோர் தீவு; சற்றுத் தள்ளிச் செம்பிலான் தீவுகள்; வடக்கே மாத்தாங் சதுப்புக் காடும் கெராங் விளையும் சேற்று நிலமும். மலேசியாவின் கெராங் விளைச்சல் 2005-க்குப் பின் பெரிதும் சரிந்துவிட்டது. அதற்குக் காரணம் பலவாக இருக்க, மேலும் ஒரு காரணத்தை நாமே சேர்த்துவிடலாகாது.

தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது மண் அரிக்காமலிருக்கக் கொடிப்பயிர் போடுவதையும், சரிவில் குழி வெட்டி வண்டலைப் பிடிப்பதையும் நம்மவர் அறிவர். மழைக்கு முன் கொடிப்பயிர் இல்லையேல் மழைக்குப்பின் மண் இல்லை. எந்தத் தோட்டத்து மேலாளரும் ஓடிப்போன மண்ணை ஆற்றிலிருந்து திரும்ப அள்ளிக்கொண்டு வருவதாகக் கணக்கு எழுதுவதில்லை. கடலடிக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும்.

ஆதலின் துறைமுக வேலை ஒன்று அறிவிக்கப்படும்போது, அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் முதலில் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். வழியிலும் அருகிலும் உள்ள கடலடியின் வரைபடம் எங்கே? எடுத்த மண்ணை எங்கே கொட்டுவர்? கலங்கல் எந்த அளவைத் தாண்டினால் கப்பல் நிற்கும்? அதை அளப்பவர் யார், அந்த அளவை மீனவரும் நாள்தோறும் பார்க்க முடியுமா? இவற்றுக்கு விடை சொல்ல முடிந்த திட்டம் கடலையும் காக்கும், தன் பெயரையும் காத்துக்கொள்ளும். விடை இல்லாத திட்டம் எத்தனை ஆயிரம் பவளக் கிளைகளை நடுவதாக வாக்களித்தாலும், அவ்வாக்கை ஏற்குமுன் நாம் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.